கழுகாருக்கு ஒரு ஓய்வு நாள்

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு விநோதமான பயம் உண்டு. இரண்டு பந்தயங்களுக்கு நடுவே ஒரு நாள் காலியாகக் கிடந்தால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் அறைக்குள் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் கடித்துக் குதறிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஜெயித்தவன், தோற்றவன், தோற்கடித்தவன் எல்லோரையும் ஒரே பேருந்தில் அள்ளிப் போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். காலையில் அருங்காட்சியகம், அப்புறம் மீன் காட்சியகம், சாப்பாடு முடிந்ததும் உயரமான ஒரு கோபுரம். எந்த ஊரானாலும் இதே மூன்றுதான். மீன்கள்கூட அதே மீன்களோ என்று சந்தேகம் வரும்.

கழுகாருக்கு அந்தப் பேருந்தில் ஏற இஷ்டமே இல்லை. தலை வலிக்கிறது, வெயில் ஆகாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்டி போட்டியாக ஊர் சுற்றியிருக்கிறார். அவளை அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் பாசத்தால் அல்ல. படி இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது.

கழுகார் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். விடுமுறை நாட்களில் வேகநடைப் போட்டிக்கு நடுவர். வேகநடை என்பது ஒரு வேடிக்கையான பந்தயம். ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும், ஆனால் பார்க்கிறவனுக்கு மூச்சு வாங்குகிற வேகத்தில் நடக்க வேண்டும். இரண்டே சட்டம்தான். எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் ஊன்றிய காலின் முட்டி, உடம்பு அதைத் தாண்டும்வரை மடங்கக் கூடாது. இதைக் கேமரா பார்ப்பதில்லை. சாலையோரம் நிற்கிற நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்து, தப்புச் செய்தவரின் எண்ணைச் சிவப்பு அட்டையில் எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார்கள். மூன்று நடுவர்கள் தனித்தனியாக எழுதினால் ஆள் வெளியே. கண்ணால் கண்டதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தக் காரியத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியவர். தெருமுனையில் வருகிறவனின் முட்டியை இங்கிருந்தே சொல்லிவிடுவார். அப்படி வந்த பெயர்தான் கழுகு. வயது ஏற ஏற மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்ந்துகொண்டது. இப்போது இரண்டு கண்ணிலும் புரை. நிழலில், பக்கத்தில் இருப்பதெல்லாம் ஓரளவு தெரியும். வெயில் ஏறினால் போதும், உலகத்துக்கே வெள்ளையடித்துவிட்டது போலாகிவிடும். அறுவை செய்துகொள்ளலாம். செய்துகொண்டால் விஷயம் வெளியே தெரியும், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், வழியனுப்பு விழாவும் மாலையும் போய்விடும். இந்த வருஷத்துக் கண் பரிசோதனையில், தனக்கு முன்னால் போனவர்கள் உரக்கப் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து, தன் முறை வந்ததும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தார். அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். ஊசியில் நூல் கோக்கிற கண். டம்ளருக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றுகிற புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"வந்தவரைக்கும் வந்தாச்சு, ஏறுங்க. நேத்துலேர்ந்து முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று அவர் கையைப் பிடித்து ஏற்றினாள்.

நேற்று என்ற சொல்லே அவருக்குச் சுருக்கென்றது. நேற்றுப் பெண்களுக்கான சின்னப் பந்தயம். அவரை நிறுத்திய இடத்தில் சூரியன் நேர் எதிரே. மஞ்சள் பனியன் போட்ட இரண்டு பெண்கள் ஒட்டி ஒட்டி வந்தார்கள். ஒருத்தி முப்பத்தாறு, இன்னொருத்தி முப்பத்தெட்டு. ஒரு முட்டி மடங்கியது, அதில் சந்தேகமில்லை. எந்த மஞ்சள் என்பதில்தான் சந்தேகம். சந்தேகம் இருந்தால் அட்டை எழுதாதே என்பதுதான் புதிய நடுவர்களுக்கு அவரே நடத்துகிற முதல் பாடம். ஆனால் கழுகார் சும்மா நின்றார் என்று பேர் வந்துவிட்டால்? முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு அட்டை விழுந்திருந்தது. இவருடையது மூன்றாவது.

பேருந்து கிளம்பப் போகும்போது அந்தப் பெண்ணே ஏறினாள். கூடவே அவள் அப்பா. காலி இடம் கழுகாருக்குப் பின்னால்தான் இருந்தது. பேருந்துக்கு அத்தனை வக்கிரம்.

அப்பன்காரன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நகக்கண்ணில் நீலமும் பச்சையும் ஒட்டிக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் வைக்க வசதியில்லை என்று அவரே மகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மீந்த வெள்ளைப் பெயின்ட்டால் தெரு நெடுக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே மகளைச் சின்ன வயசிலிருந்து நடக்கவிட்டவர். இதையெல்லாம் பேருந்து இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் கழுகாரின் மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டாள். நாளை நடக்கப் போகிற நீண்ட பந்தயத்தில் முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு. வராவிட்டால் மாமாவின் துணிக்கடையில் வேலை, ஏற்கெனவே பேசி வைத்தாயிற்று.

பெயின்டர் எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுகாரின் முன்னால் குனிந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. மொதல் ரெண்டு அட்டை ரெண்டு காலும் தரையை விட்டதுக்கு. அது புரியுது, அவசரப்பட்டுட்டா. ஆனா முட்டி மடங்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட சொன்னதில்ல. நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு பலகையில போட்டிருந்தாங்க. எந்தக் கால், எப்படி மடங்குதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா நாளைக்குள்ள திருத்திக்குவோம்."

சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். "நடுவருங்க போட்டியாளருங்ககூட இதைப் பத்திப் பேசக் கூடாது. விதி அப்படி," என்றார்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க சார். எனக்குத் தெரியல," என்று பெயின்டர் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். விதி என்பது எவ்வளவு வசதியான போர்வை பாருங்கள்.

அருங்காட்சியகத்தில் வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைந்த பானைகளைப் பற்றி உருகி உருகிப் பேசினாள். கேட்க ஆளில்லை. விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் பக்கத்திலிருந்த நீண்ட கூடத்துக்குள் புகுந்துவிட்டார்கள். வழவழவென்று தரை, மேலே மங்கலான விளக்குகள், இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். பெயின்டரின் மகளுக்கு அந்த நீளத்தைப் பார்த்ததும் கால் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, பழைய நடையும் புது நடையும் நடந்து காட்டறேன். வித்தியாசம் தெரியுதான்னு பாரு," என்றாள்.

முதலில் பழைய நடை. கழுகார் ஒரு தூண் பக்கத்தில் நின்றார். வெயில் இல்லை, தூரம் இல்லை. நல்ல காலத்தில் பார்த்ததுபோல் தெரிந்தது. குதிகால் ஊன்றியதும் முட்டி நேரானது, உடம்பு தாண்டும்வரை நேராகவே இருந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படியொரு நடை. பிறகு புது நடை. அவர் எழுதிய அட்டையை நம்பி, இல்லாத குற்றத்தைத் திருத்துவதற்காகக் காலை இரும்புக் கம்பியாக விறைத்துக்கொண்டு நடந்தாள். இடுப்பு கோணியது. தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ என்னடி பொம்மை மாதிரி நடக்கற? இப்படி நட," என்று அவள் குழுவைச் சேர்ந்த இன்னொருத்தி கூடத்தில் இறங்கினாள். நேற்று மூன்றாவதாக வந்ததால் எல்லோரும் அவளை வெண்கலம் என்றே கூப்பிட்டார்கள். வெண்கலம் சிரித்துக்கொண்டே வேகமாக நடந்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் வலது முட்டி இலேசாக மடங்கியது.

கழுகார் தூணைப் பிடித்துக்கொண்டார். நேற்று அவர் பார்த்த முட்டி அதுதான். முப்பத்தாறுக்குப் போக வேண்டியது முப்பத்தெட்டுக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் காட்சியகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு, அவள் உள்ளே போய் அந்தப் பெண்ணோடு மீன் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் முழுக்க அந்த விறைப்பு நடைதான் பழகியிருக்கா. தொடை கல்லு மாதிரி இருக்கு. நான் தொட்டுப் பார்த்தேன்," என்றாள். "அந்தப் பொண்ணு கால்ல ஒண்ணுமில்ல. அப்படித்தானே?"

மறைப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் காரணங்களை அடுக்க ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் வெண்கலத்தின் பதக்கம் என்னாவது? இத்தனை வருஷம் தான் எழுதிய அட்டைகளையெல்லாம் கிளற ஆரம்பித்தால்? தலைமை நடுவர் என்ன நினைப்பார்? ஊரே கைகொட்டிச் சிரிக்காதா?

"எல்லாரைப் பத்தியும் கவலைப்படறீங்க. அவளைப் பத்தி மட்டும் பேச்சே வரமாட்டேங்குது," என்றாள் அவள். "அவங்ககிட்ட நேராப் போயி, 'நேத்து நான் போட்டது தப்பு, என் கண்ணுல கோளாறு, நீ எப்பவும்போல நட'ன்னு சொல்லுங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியாதுங்க. நாளைக்கு அவ நடந்து முடிச்சப்புறம் சொன்னா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்."

"சொல்றேன்," என்றார்.

"இன்னிக்கே."

"சொல்றேன்னேன்ல."

கோபுரத்தின் உச்சியில் காற்றும் வெயிலும் போட்டி போட்டுக்கொண்டு அடித்தன. கழுகாருக்குச் சுற்றிலும் ஒரே வெண்மை. கீழே ஊர் இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னதால் நம்பினார். பெயின்டர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று குரலை வைத்துத் தேடினார். இரண்டடி எடுத்து வைத்தபோது வழிகாட்டிப் பெண் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"எல்லாரும் இங்க வாங்க! நம்ம கழுகு சார் கண்ணை இன்னிக்குப் பரீட்சை பண்ணிடுவோம். சார், அதோ தூரத்துல ஒரு மணிக்கூண்டு இருக்கு. அதுல மணி என்ன?"

கூட்டம் சூழ்ந்துவிட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெண்மையை வெறித்தார். மணிக்கூண்டு என்ன, வானமும் தரையும் எங்கே பிரிகின்றன என்றே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல ஒரே சொல் போதும். அந்த ஒரு சொல்லில் எல்லாமே முடிந்திருக்கும். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. அதைப் பார்க்க அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து, உதடு அசையாமல், "ரெண்டே கால்," என்றாள்.

"ரெண்டே கால்," என்றார் கழுகார் உரக்க.

கைதட்டல் பறந்தது. எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவர் பெயின்டர். "பாத்தியாம்மா? நாங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தும் முள்ளு தெரியல. அந்தக் கண்ணுக்கு உன் முட்டி தப்புமா?" என்றார் மகளிடம்.

கழுகாரின் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்து யாரைத் தள்ளிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணே அப்பாவோடு வந்தாள். கோபுரத்தைச் சுற்றி ஓடிய நடைபாதையில், அவருக்கு முன்னால், விறைத்த காலோடு பத்தடி நடந்து காட்டிவிட்டுத் திரும்பினாள். "சார், பேசக் கூடாதுன்னா பேச வேணாம். இப்ப சரியா இருக்குன்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

கழுகார் தலையை ஆட்டவில்லை. "பழையபடியே நடம்மா," என்றார்.

பெண் குழம்பிப் போனாள். "பழையபடி நடந்தா நாளைக்கு நீங்க அட்டை போட மாட்டீங்களா சார்?"

இப்போது சொல்ல வேண்டிய வாக்கியம் அவர் வாயில் தயாராக இருந்தது. நேற்று நான் போட்டது தப்பு. பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். அவர் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விதிப்படி நான் இதுக்கு மேல பேசக் கூடாது," என்றார் கழுகார்.

"புரிஞ்சுது சார்," என்று பெயின்டர் சிரித்தார். "இவ உறுதியா இருக்காளா, யாரு என்ன சொன்னாலும் மாத்திக்கறாளான்னு சோதிச்சுப் பாக்கறீங்க. மாத்த மாட்டா. வாம்மா."

மறுநாள் காலையில் கழுகார் தலைமை நடுவருக்குப் போன் போட்டு வயிற்று வலி என்றார். அதுவரை யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வீரம் அவ்வளவுதான். தான் அட்டையே போடாவிட்டால் அவளுக்குக் கெடுதல் செய்தவனாக மாட்டோம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பார்வையாளர் படிக்கட்டில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பந்தயத்தில் என்ன நடக்கிறது என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகு, அவள் சாலையைப் பார்த்தபடியே, வேண்டாவெறுப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கிளம்பிட்டாங்க... அந்தப் பொண்ணு நடுவுல வர்றா."

"எப்படி நடக்கறா?"

"நீங்க அட்டை போட்டுச் சொல்லிக் குடுத்த மாதிரி. காலை விறைச்சுக்கிட்டு."

அவருக்குச் சாலையில் வண்ணங்கள் கலைந்து ஓடுவது மட்டும் தெரிந்தது. சுற்று மேல் சுற்றுப் போயிற்று. வெயில் ஏறியது. ஒரு கட்டத்தில் அவள் குரல் இறங்கியது.

"தொடையைப் பிடிச்சுக்கறா... ஆறாவதா வந்துக்கிட்டு இருந்தவ, பின்னால போயிட்டா." கொஞ்ச நேரம் கழித்து, "நொண்டறா. நொண்டி நொண்டி நடக்கறா."

"முட்டி?"

"மடங்குது," என்றாள் அவள். "இப்ப நிஜமாவே மடங்குது. ஒருத்தர் எழுதறார். அந்தப் பக்கத்துல இருக்கறவரும் எழுதறார்."

கூட்டத்திலிருந்து எழுந்த 'அடடா'வே தலைமை நடுவர், ஆளை வெளியே அனுப்பும் சிவப்புத் தட்டை அவளுக்குத் தூக்கிக் காட்டிவிட்டார் என்று சொல்லிற்று.

பந்தயம் முடிந்து படிக்கட்டு காலியாகிக்கொண்டிருந்தபோது பெயின்டர் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். கழுகாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயின்டருக்கு உண்மை தெரிந்துவிட்டது, அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. பெயின்டர் இரண்டு கையையும் கூப்பினார்.

"வயித்து வலின்னு சொன்னாங்க சார். எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். இன்னிக்கு மூணு பேரு எழுதிட்டாங்க சார், மூணுமே முட்டிக்குத்தான். மத்தவங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு முந்தாநாளே தெரிஞ்சுடுச்சு." அவர் மகளின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நேத்து ராத்திரிவரைக்கும் என் மனசுல ஒரு ஓரமா, அந்த அட்டை தப்போன்னு ஒரு எண்ணம் இருந்துது சார். பெத்தவன் இல்லையா. இப்ப தெளிஞ்சுட்டேன். கோடு போட்டுக் குடுத்த நானே தப்பாப் பழக்கிட்டேன். இனி இவளுக்கு இந்த ஓட்டம் நடையெல்லாம் வேணாம், கடையில சேர்த்துடறேன். ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரியறதுக்கு இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். என் கண்ணைத் திறந்து விட்டீங்க சார்."

கழுகாரின் மனைவி சடக்கென்று எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் கழுகாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமான பிடி. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்பைப் பாத்துக்கம்மா," என்றார் கழுகார்.

"சரிங்க சார்," என்றது அந்தப் பெண்ணின் குரல். அதற்கு மேல் அவளுக்கு என்ன இருக்கிறது சொல்ல? அப்பாவும் மகளும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள். வெயிலுக்குள் போனதும் அவர்கள் உருவம் அவருக்குக் கரைந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து, அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

அவள் தன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே," என்றாள். "நீங்களே பாத்திருப்பீங்க."

சொல்லிவிட்டு, கையைக் கொடுக்காமல், முன்னால் இறங்கிப் போனாள். கழுகார் பக்கத்துக் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவியபடி இறங்க ஆரம்பித்தார்.